காலடியில் ஓர் இன்ஜின், முதுகுக்குப் பின்னால் ஓர் இன்ஜின்

எங்கள் கனகசெட்டிக்குளத்தில் ரயில் கிடையாது. சென்னையிலிருந்து ஈ.சி.ஆரில் வருபவர்களுக்குப் புதுச்சேரி தொடங்குகிற இடம் இது. பஸ், லாரி, சனி ஞாயிறில் வரிசைகட்டும் சுற்றுலா கார்கள், இவைதான் எங்கள் சாலையில் ஓடுபவை. ரயில் ஏற வேண்டுமென்றால் பஸ் பிடித்துப் புதுச்சேரி டவுனுக்குப் போயாக வேண்டும். அப்படியிருந்தும் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ரயில் மேல் தீராத பிரியம். அதிலும் ராஜதானி, வந்தே பாரத் என்று பெயர் பெற்ற வண்டிகளைவிட, ‘டெமு’ என்று நாம் சொல்கிற டீசல் பாசஞ்சர் ரயில்கள் மேல்தான் பிரியம் அதிகம். யாரும் போட்டோ எடுக்காத வண்டி அது. அதைப் பற்றிச் சாவகாசமாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் டெமு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். புதுச்சேரி நிலையத்தை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும்.

1879-ல் விழுப்புரத்திலிருந்து மீட்டர்கேஜ் பாதை போட்டுப் பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரிக்குக் கொண்டுவந்தார்கள். வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர், அப்புறம் புதுச்சேரி. அதற்கு மேல் போக முடியாது, எதிரே கடல். 2004-ல் அகலப்பாதை ஆன பிறகும் நம் நிலையம் முட்டுச்சந்துதான். இன்ஜின் இழுத்துவரும் ரயில் இப்படிப்பட்ட நிலையத்துக்கு வந்தால் இன்ஜினைக் கழற்ற வேண்டும், பக்கத்துத் தண்டவாளம் வழியாகச் சுற்றிவந்து மறுமுனையில் மாட்ட வேண்டும், பிரேக் குழாய்களை இணைத்துச் சோதிக்க வேண்டும். அதற்கென்று ஒரு தண்டவாளத்தைக் காலியாக வைத்திருக்கவும் வேண்டும். டெமுவில் இந்தப் பாடு எதுவும் இல்லை. ரயிலின் இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை உண்டு, இன்ஜினும் ரயிலுக்குள்ளேயே இருக்கிறது. லோகோ பைலட் இந்த முனையிலிருந்து இறங்கி, பிளாட்பாரத்தில் நடந்து, அந்த முனையில் ஏறி உட்கார்ந்தால் வண்டி திரும்பத் தயார். இரண்டு ரேக்குகளை, அதாவது இரண்டு முழுப் பெட்டித் தொடர்களை, சேர்த்துக் கோத்தாலும் முன்னால் இருக்கும் ஒருவரே எல்லா இன்ஜின்களையும் இயக்க முடியும். இதே வேலையை மின்கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்துச் செய்தால் அது மெமு. புதுச்சேரிக்கு இப்போது வந்துபோகும் பாசஞ்சர் மெமுதான்.

சரி, இன்ஜின் ரயிலுக்குள்ளேயே இருக்கிறது. எங்கே இருக்கிறது? பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் சித்தப்பாவிடம் ஒருமுறை டெமுவைப் பற்றிக் கேட்டபோது, “இன்ஜினை எங்கடா வைக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டா மிச்ச டிசைன் தானா வந்துடும்” என்றார். அன்றைக்கு அது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. பிரிட்டிஷ் டீசல் ரயில்களைப் பற்றிப் படிக்கப் படிக்கத்தான் அவர் சொன்னதன் முழு அர்த்தமும் பிடிபட்டது.

பிரிட்டனில் அவர்கள் இன்ஜினைத் தரைக்கு அடியில் வைத்தார்கள். 1930-களிலேயே கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே, பஸ் இன்ஜின் செய்யும் ஏ.இ.சி. கம்பெனியோடு சேர்ந்து டீசல் கார்களை ஓட்டிப் பார்த்திருந்தது. போருக்குப் பிறகு, 1954-ல், டெர்பி தொழிற்சாலை அலுமினிய உடம்போடு எடை குறைந்த டீசல் ரயில்களைச் செய்தது. அடுத்த ஆண்டே நீராவி இன்ஜின்களை ஒழிக்கும் நவீனமயமாக்கல் திட்டம் வந்தது. அதன்பின் சில ஆண்டுகளுக்குள் டீசல் பாசஞ்சர்கள் ஆயிரக்கணக்கான பெட்டிகளாகப் பெருகின. பஸ்ஸில் ஓடுகிற வகை இன்ஜின்தான், 125 அல்லது 150 குதிரைத்திறன். அதைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, பெட்டியின் தரைக்கு அடியில் இரண்டிரண்டாகத் தொங்கவிட்டார்கள். கியர்பாக்ஸும் பஸ் வகைதான். நான்கு கியர், ஓட்டுநர்தான் மாற்ற வேண்டும். வேகம் ஏற ஏற ஒவ்வொரு கியராகத் தள்ளிக்கொண்டு போவார். முன்னால் அவர் ஒரு கைப்பிடியை அசைத்தால் ரயில் முழுக்க இருக்கும் அத்தனை கியர்பாக்ஸும் காற்றழுத்தத்தால் ஒன்றாக மாறும்.

இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வேறு. இன்ஜின் தரைக்கு அடியில் போய்விட்டதால் பெட்டியின் மேல்பகுதி முழுக்கப் பயணிகளுக்குக் கிடைத்தது. ஓட்டுநருக்குப் பின்னால் கண்ணாடித் தடுப்பு வைத்தார்கள். முதல் வரிசையில் உட்கார்ந்தவருக்கு எதிரே தண்டவாளம் விரிந்து கிடக்கும். சிக்னல் மாறுவதும், பாலம் நெருங்குவதும், குகைக்குள் நுழைவதும் ஓட்டுநர் பார்க்கிறபடியே தெரியும். அந்த இருக்கைக்காகவே பிள்ளைகள் முட்டிமோதியிருக்கிறார்கள். ஒரு ரயில் வடிவமைப்பில் பயணியின் மகிழ்ச்சிக்கு இவ்வளவு இடம் வேறு எங்கும் கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

வெவ்வேறு கம்பெனிகள் செய்த பெட்டிகளில் எதை எதோடு கோர்க்கலாம் என்று சொல்ல, முகப்பில் நிறக் குறியீடு வரைந்தார்கள். நீலச் சதுரம் நீலச் சதுரத்தோடுதான் சேரும். நீலச் சதுரமே கடைசியில் பெரும்பான்மை ஆயிற்று. அந்தத் தலைமுறையில் மெட்ரோ-காமெல் கம்பெனி 1956 முதல் செய்த வகை 2003 வரை பயணிகளைச் சுமந்தது. தற்காலிக ஏற்பாடு மாதிரி தொடங்கிய வண்டிக்கு இது நீண்ட ஆயுள்.

தரைக்கு அடியில் இன்ஜின் வைத்தால் கெடுதல் இல்லாமலா இருக்கும்? உட்கார்ந்திருப்பவரின் காலுக்குக் கீழே அதிர்வு. தண்டவாளத்துப் புழுதியும் தண்ணீரும் நேராக இன்ஜினில் அடிக்கும். ரிப்பேர் என்றால் குழிக்குள் இறங்கி அண்ணாந்து வேலை செய்ய வேண்டும்.

பிரிட்டனிலேயே இதற்கு மாறாகப் போனவர்களும் உண்டு. லண்டனுக்குத் தெற்கே ஹேஸ்டிங்ஸ் பாதை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அந்தப் பாதையில் குகைகள் குடைந்த ஒப்பந்தக்காரர்கள் செங்கல் அடுக்கைக் குறைத்துக் கட்டிவிட்டார்கள். குட்டு வெளிப்பட்டபோது குகைச் சுவர் இடியாமல் இருக்க உள்பக்கம் இன்னொரு சுற்றுச் செங்கல் கட்ட வேண்டியதாயிற்று. சுவர் தடித்தது, குகை ஒடுங்கியது. சாதாரண அகலமுள்ள பெட்டி அதற்குள் நுழையாது. ஒரு தலைமுறை செங்கல்லில் மிச்சம் பிடித்த காசுக்கு, அடுத்த நூறு ஆண்டும் அந்தப் பாதையில் ஓடிய ஒவ்வொரு பெட்டியும் குறுகலாகவே செய்யப்பட்டது. 1957-ல் அங்கே டீசல் ரயில் விட்டபோதும் பக்கச் சுவர் தட்டையான, ஒடுக்கமான பெட்டிகளைத்தான் செய்தார்கள். இன்ஜினைத் தரைக்கு அடியில் வைக்காமல், ஓட்டுநர் அறைக்குப் பின்னால் தனி அறையில் நிமிர்த்தி வைத்தார்கள். இங்கிலீஷ் எலெக்ட்ரிக் கம்பெனியின் 500 குதிரைத்திறன் இன்ஜின் அது. கியர் கிடையாது. இன்ஜின் ஜெனரேட்டரைச் சுழற்றும், ஜெனரேட்டர் தரும் மின்சாரம் சக்கர அச்சில் இருக்கும் மோட்டாரைச் சுழற்றும். நான்கு சிலிண்டர்கள் ‘தும் தும்’ என்று இடிக்கிற சத்தத்துக்காக அந்த வண்டிக்கு ‘தம்பர்’ என்றே பெயர் வந்தது. 1986-ல் மின்மயமாக்கியபோது ஒடுக்கமான குகைகளுக்குள் இரட்டைப் பாதையை ஒற்றையாக்கி நடுவில் போட்டுச் சமாளித்தார்கள். தம்பர் ரயில் ஒன்றை ஆர்வலர்கள் காப்பாற்றி இன்றும் ஓட்டுகிறார்கள்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம், நம் டெமுவின் அமைப்பு இந்தத் தம்பரோடுதான் ஒத்துப்போகிறது. பெரம்பூரில் 1990-களில் டெமு செய்யத் தொடங்கினார்கள். முதலில் 700 குதிரைத்திறன், அப்புறம் 1400, பிறகு 1600. பவர் கார் என்று சொல்லப்படும் முனைப் பெட்டியில் ஓட்டுநர் அறை, அதன் பின்னால் இன்ஜின் அறை. டீசல் இன்ஜின், அதோடு பிணைத்த ஆல்டர்னேட்டர், ரேடியேட்டர், விசிறி, கட்டுப்பாட்டு அலமாரி எல்லாம் அங்கே அடங்கும். மீதிப் பாதியில் பயணிகள். இழுக்கும் மோட்டார்களும் அந்தப் பவர் காரின் சக்கரங்களில்தான். நடுவே இருக்கும் பெட்டிகள் கூட வருபவை, அவ்வளவே. பழைய பவர் கார்களில் மோட்டார் டி.சி., புதியவற்றில் ஏ.சி.

பிரிட்டிஷ் முறையில் ஐந்தாறு சின்ன இன்ஜின்கள் பெட்டிக்குப் பெட்டி பிரிந்து இருக்கும். ஒன்று நின்றாலும் மற்றவை வண்டியை வீடு சேர்க்கும். நம் முறையில் பெரிய இன்ஜின் முனைக்கு ஒன்று. நமக்கு எது சரி? என்னைக் கேட்டால் நம்முடையதுதான். சித்திரை வெயிலில் தண்டவாள ஜல்லியிலிருந்து எழும்பும் அனல், ஐப்பசி கார்த்திகையில் டெல்டா பாதைகளில் தேங்கும் தண்ணீர், கூட்ட நேரத்தில் கணக்குக்கு அடங்காத ஆள் எடை, இவற்றுக்கு நடுவே தரையடி இன்ஜினை வைத்துப் பராமரிப்பது ஷெட்டில் வேலை பார்ப்பவர்களுக்குப் பெரும் தண்டனை. நின்றபடி கதவைத் திறந்து பார்க்கக்கூடிய இன்ஜின் அவர்களுக்கு வரம். அதற்கு விலையாக நாம் இழந்தது அந்த முன்வரிசை இருக்கை. பவர் காரில் ஏறினால் நம் முதுகுக்குப் பின்னால் இன்ஜின் அறையின் சுவர்தான் இருக்கும். அதில் கை வைத்தால் சூடு தெரியும். வண்டி கிளம்பும்போது முதலில் இன்ஜின் உறுமும், ஓரிரு நொடி கழித்துத்தான் சக்கரம் நகரும். அந்த இடைவெளியை நான் ரசித்து அனுபவிப்பேன்.

புதுச்சேரி மாநிலத்து டெமு அனுபவம் என்றால் எனக்குக் காரைக்கால்தான். 2011 கடைசியில் நாகூரிலிருந்து காரைக்காலுக்கு அகலப்பாதை திறந்தது, பின்னாளில் அந்தப் பக்கம் டெமு ஓடியது. ஆனால் டெமுவின் பொறுமைக்குச் சான்று வேண்டுமென்றால் திருவாரூர்–காரைக்குடி பாதையைச் சொல்வேன். 2019 ஜூனில் அங்கே டெமு விட்டபோது லெவல் கிராசிங்குகளில் கேட் கீப்பர்கள் நியமிக்கப்படவில்லை. அதனால் கேட் கீப்பர்களை ரயிலிலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள். கேட் வந்ததும் வண்டி நிற்கும், முன்னால் இருப்பவர் இறங்கிக் கேட்டைச் சாத்துவார், வண்டி கடந்து மறுபடி நிற்கும், பின்னால் இருப்பவர் இறங்கித் திறந்துவிட்டு ஏறிக்கொள்வார். சுமார் 150 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டி மக்கள் ஆண்டுக்கணக்கில் ரயில் இல்லாமல் இருந்தவர்கள். அவர்களுக்கு ஏதோ ஒரு ரயில் ஓடியதே என்று இருந்தது. நின்று நின்று கிளம்புகிற அந்த வேலையை டெமு முகம் சுளிக்காமல் செய்தது.

இனி மாற்றியமைக்கும் கதைக்கு வருகிறேன். டீசல் ரயில்களின் வரலாற்றில் என்னை அதிகம் ஈர்ப்பது இதுதான். ரயில் பெட்டியின் உடம்பு இன்ஜினைவிடப் பல ஆண்டுகள் கூடுதலாக வாழும். உடம்பை வைத்துக்கொண்டு உயிரை மாற்றுகிற வேலை, புது ரயில் வரைவதற்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

பிரிட்டனில் 1987–88-ல் லேலண்ட் பஸ் கம்பெனி 155 என்ற வகையில் இரண்டு பெட்டி ரயில்கள் செய்தது. கிராமத்துப் பாதைகளில் இரண்டு பெட்டி அதிகம், ஒரு பெட்டி போதும் என்று பிறகு தோன்றியது. 35 ரயில்களை எடுத்து, நடுவில் பிரித்து, 70 ஒற்றைப் பெட்டிகள் ஆக்கினார்கள். ஆனால் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு முனையில்தான் ஓட்டுநர் அறை இருந்தது. கூட்டுக்குடும்ப வீட்டைப் பாகம் பிரித்த பின், வாசல் இல்லாத பாகத்துக்குப் புது வாசல் வைப்போமே, அப்படி மறுமுனையில் புது ஓட்டுநர் அறை வைத்தார்கள். இருந்த இடத்துக்குள் திணித்ததால் அது மிகவும் ஒடுக்கம். ஓட்டுநர்கள் இத்தனை வருஷமும் அதைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டே ஓட்டினார்கள். 153 என்று எண் பெற்ற அந்த ஒற்றைப் பெட்டிகளில் சிலவற்றை 2021-ல் ஸ்காட்லாந்தில் மறுபடியும் மாற்றி, மலைப்பாதைக்குச் சைக்கிளோடு வருபவர்களுக்கான பெட்டி ஆக்கினார்கள். ஒரே உடம்புக்கு மூன்று வாழ்க்கை.

அதே லேலண்டின் பஸ் உடம்பை எடுத்து, நான்கே சக்கரமுள்ள சரக்கு வேகன் சட்டத்தில் ஏற்றியதுதான் ‘பேசர்’ ரயில். வளைவில் கிறீச்சிடும், தூக்கித் தூக்கிப் போடும். பயணிகள் திட்டினார்கள். ஆனால் 1980-களில் பணமில்லாமல் மூடப்பட இருந்த பாதைகள் சில அதனால்தான் பிழைத்தன என்பதையும் சொல்ல வேண்டும். மாற்றுத்திறனாளிகள் ஏறி இறங்க வசதி இருக்க வேண்டும் என்ற சட்டம் வந்தபிறகே, 2020-ஐ ஒட்டி, அது ஓய்வு பெற்றது. நம் நாட்டிலும் பங்காரப்பேட்டை–கோலார், மதுரா–பிருந்தாவனம் பாதைகளில் ரயில் பஸ் ஓடியதை ஞாபகம் வைத்திருப்பவர்கள் இருப்பீர்கள்.

நம் டெமுவிலும் மாற்றங்கள் நடந்திருக்கின்றன. 2015 ஜனவரியில் ஹரியானாவின் ரேவாரி–ரோத்தக் பாதையில் சி.என்.ஜி. கலந்து ஓடும் டெமு வந்தது. டீசல் இன்ஜினை அப்படியே வைத்து, உள்ளே இழுக்கும் காற்றோடு எரிவாயுவைக் கலந்து, டீசலில் ஐந்தில் ஒரு பங்கை மிச்சப்படுத்தும் ஏற்பாடு. 2017 ஜூலையில் டெல்லியில் ‘சூரிய ரயில்’ வந்தது. பெரம்பூரில் செய்த 1600 குதிரைத்திறன் டெமுவின் ஆறு பெட்டிக் கூரைகளில் பெட்டிக்கு 16 பலகைகள், பலகைக்கு 300 வாட். இந்த ரயில் வெயிலில் ஓடுகிறது என்று பலர் நம்பிவிட்டார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். எல்லாப் பலகைகளும் உச்சி வெயிலில் முழுசாக வேலை செய்தாலும் 29 கிலோவாட் தேறாது. 1600 குதிரைத்திறன் என்றால் கிட்டத்தட்ட 1200 கிலோவாட். ஆக, பலகைகள் தருவது விளக்குக்கும் மின்விசிறிக்கும்தான், இழுப்பது டீசல்தான். அதுவும் நல்ல மிச்சமே. நின்றிருக்கும்போது விசிறி ஓட இன்ஜினை உறுமவிட வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம்விடப் பெரியது இப்போது நடப்பது. 1600 குதிரைத்திறன் டெமுவின் டீசல் இன்ஜினைக் கழற்றிவிட்டு, அந்த இன்ஜின் அறையில் ஹைட்ரஜன் எரிபொருள் கலன்களையும் பேட்டரியையும் வைக்கும் வேலை. 2025 ஜூலையில் அந்தப் பவர் காரைப் பெரம்பூரில் வெற்றிகரமாகச் சோதித்தார்கள். ஹரியானாவின் ஜிந்த்–சோனிபட் பாதை அதற்காகக் குறிக்கப்பட்டிருக்கிறது. சித்தப்பா சொன்னது இங்கேதான் முழுசாக விளங்குகிறது. இன்ஜினைத் தனி அறையில் வைத்ததால்தான் அதை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்க இடம் கிடைத்தது. ஏற்கெனவே மின்சாரத்தால் சுற்றும் மோட்டார் என்பதால், மின்சாரம் எங்கிருந்து வந்தாலும் அதற்குக் கவலையில்லை. கியர்பாக்ஸ் வைத்த பழைய பிரிட்டிஷ் ரயிலில் இது இவ்வளவு எளிதில் நடக்காது. லண்டன் சுரங்க ரயிலின் பழைய அலுமினியப் பெட்டிகளை வாங்கி, ஃபோர்டு வேன் வகை இன்ஜினும் பிறகு பேட்டரியும் வைத்து ஓட்டிக் காட்டிய விவாரயில் கம்பெனியும் மின் மோட்டார் உள்ள வண்டியைத்தான் தேடி எடுத்தது.

டீசலில் மின்சாரம் எடுத்து மோட்டாரால் ஓடும் இந்த அமைப்பு நம் தமிழர்கள் வாழும் இன்னொரு கரைக்கும் போயிருக்கிறது. இலங்கையில் 1938-லேயே இதே இங்கிலீஷ் எலெக்ட்ரிக் கம்பெனியின் டீசல் ரயில்கள் மூன்று ஓடின. சில்வர் ஃபோம், சில்வர் ஸ்ப்ரே, சில்வர் மிஸ்ட் என்று அவற்றுக்குப் பெயர். இந்தியாவில் பல இடங்களில் டீசல் ரயிலைக் கண்ணால்கூடப் பார்த்திராத காலம் அது. பின்னாளில் ஜப்பானிலிருந்தும் சீனாவிலிருந்தும் வாங்கினார்கள். 2019 ஜனவரியில் கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்குக் கிளம்பிய உத்தரதேவி, பெரம்பூரில் செய்து கப்பலேறிய வண்டி. போரில் தண்டவாளமே பிடுங்கப்பட்ட பாதையில், 2014-ல் யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்பிய சில ஆண்டுகளில், நம்மூர் ஆட்கள் பற்றவைத்த பெட்டிகள் ஓடுகின்றன என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

இந்தியாவில் அகலப்பாதை மின்மயமாக்கல் ஏறக்குறைய முடிந்துவிட்டது. பாதைக்குப் பாதை மின்கம்பி வர வர, டெமுக்களுக்கு வேலை குறைகிறது. இருபது வருஷம்கூட ஓடாத பெட்டிகளைப் பழைய இரும்புக்கு எடை போடுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. டீசல் இன்ஜினை எடுத்துவிட்டு, அந்த அறையில் மின்மாற்றியை வைத்து, கூரையில் மின்கம்பியைத் தொடும் கையை வைத்தால் அதே வண்டி மெமு ஆகிவிடும். பேட்டரி வைத்தால் துறைமுகத்துக்கும் தொழிற்சாலைக்கும் போகும் கிளைப்பாதைகளில் ஓடும்.

எனக்கு ஒரு குறிப்பான ஆசை உண்டு. ஒரே ஆட்சிப் பகுதியாக இருந்தும் புதுச்சேரியிலிருந்து காரைக்காலுக்குப் போவதென்றால் நமக்கெல்லாம் பஸ்தான். பேரளத்திலிருந்து காரைக்காலுக்குப் பல பத்தாண்டுகளுக்குப் பின் மறுபடி தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். ஓய்வு கொடுக்கப்போகும் டெமு ரேக் ஒன்றை மெமுவாக மாற்றி, புதுச்சேரியிலிருந்து விழுப்புரம், கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, பேரளம் வழியாகக் காரைக்காலுக்குக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று விடலாம். அரசு அலுவலகங்களுக்கும் ஜிப்மருக்கும் காரைக்காலிலிருந்து வருகிற நோயாளிகளும் முதியவர்களும் பஸ்ஸில் மணிக்கணக்கில் மடங்கி உட்கார வேண்டியிராது. இந்தப் பாதை முழுக்கத் தெற்கு ரயில்வேயின் திருச்சி கோட்டத்துக்குள்ளேயே வருகிறது. வண்டியை மாற்றத் தெரிந்த பொன்மலைப் பணிமனையும் அதே திருச்சியில்தான் இருக்கிறது.